ஐந்து நிமிட வாழ்த்துரையை எப்படி எழுதுவது?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் தலைமையாசிரியை இந்த மாதக் கடைசியில் பணி ஓய்வு பெறுகிறார். ஆசிரியர்கள் சார்பில் ஐந்து நிமிடம் வாழ்த்துரை வழங்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. இணையத்தில் கிடைத்த மாதிரி உரை ஒன்றைத் தழுவி மூன்று பக்கம் எழுதி இணைத்திருக்கிறேன். மனப்பாடம் செய்துவிட்டால் போதுமா, திருத்த வேண்டுமா?

பின்குறிப்பு: படிப்பை நிறுத்திவிட்ட ஒரு மாணவியின் வீட்டுக்குப் போன வருடம் மேடம் மூன்று முறை போனார். மூன்றாம் முறை நானும் போனேன். அந்தப் பெண்ணின் அம்மா வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்தார். மேடம் பக்கத்தில் உட்கார்ந்து தானும் கட்டினார். படிப்பைப் பற்றி எதுவும் பேசவில்லை. அந்தப் பெண் திங்கட்கிழமை பள்ளிக்கு வந்துவிட்டாள். மேடம் கட்டிய பூ சரியாக வராததால் அம்மா அதை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாராம். இதையெல்லாம் மேடையில் சொல்லலாமா, சிறுபிள்ளைத்தனமாக இருக்குமா?

பதில்: மூன்று பக்கத்தையும் படித்தேன். எழுத்துப் பிழை, சந்திப் பிழை எதுவும் இல்லை. தமிழாசிரியனாக முப்பது வருடம் சிவப்பு மையைச் செலவழித்தவன் என்பதால் அதைத்தான் முதலில் பார்த்தேன். பிறகு ஒரு சின்னச் சோதனை செய்தேன். உங்கள் தலைமையாசிரியையின் பெயர் வரும் இடத்தில் எங்கள் ஊரில் ஓய்வு பெற்ற மின்வாரியப் பொறியாளர் ஒருவரின் பெயரைப் போட்டுப் படித்தேன். 'கல்விப் பணி' என்பதை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. மற்றபடி உரை அவருக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. அந்த மூன்று பக்கத்தையும் கீழே வைத்துவிடுங்கள். உங்கள் உரை பின்குறிப்பில் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். விழா அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்போர், வாழ்த்துரைக்கு வரிசையாக ஐந்தாறு பெயர், சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை. நீங்கள் வாழ்த்துரைப் பட்டியலில் நான்காவதோ ஐந்தாவதோ. உங்கள் முறை வருவதற்குள் 'அர்ப்பணிப்பு' என்ற சொல்லைச் சபை எட்டு முறையாவது கேட்டிருக்கும். 'தன்னலமற்ற சேவை', 'ஏணியாய் நின்று', 'மெழுகுவர்த்தியாய் உருகி' எல்லாம் வந்து போயிருக்கும். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த மேடையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடியதை நீங்களும் சொல்வதற்கு நீங்கள் எழுந்திருக்கவே வேண்டாம். அந்த வீட்டு வாசலில் நின்றது நீங்கள் ஒருவர்தான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என்னோடு பணியாற்றிய நண்பர் ஒருவரின் ஓய்வு விழாவில் பன்னிரண்டு நிமிடம் பேசினேன். இரண்டு துண்டுச்சீட்டு வந்தது; கவனிக்காதவன் போல இருந்துவிட்டேன். அடுக்குமொழி, மேற்கோள், எதுகை என்று எல்லாவற்றையும் அள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தபோது கைதட்டல் இருந்தது. நான் முடித்துவிட்டேனே என்ற நிம்மதியில் தட்டிய கையாகவும் இருக்கலாம். அதன்பிறகு, அழைப்பிதழில் பெயரே இல்லாத பள்ளிக் காவலாளி, 'நானும் ஒரு வார்த்தை பேசலாமா?' என்று கேட்டு மேலே ஏறினார். "இந்தப் பள்ளியில் என் பெயர் தெரிந்த ஒரே ஆள் இவர்தான். நாளையிலிருந்து நான் வெறும் வாட்ச்மேன்" என்றார். இறங்கிவிட்டார். அவ்வளவுதான். அந்த விழாவைப் பற்றிப் பேசும் எவரும் இன்றுவரை அந்த இரண்டு வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். என் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு சொல்கூட எனக்கே நினைவில்லை.

உலக அளவில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1863ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் தேதி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கெட்டிஸ்பர்க் என்ற ஊர். அதே ஆண்டு ஜூலையில் அங்கே மூன்று நாள் நடந்த சண்டையில் இறந்த வீரர்களுக்காக அமைத்த கல்லறைத் தோட்டத்தின் அர்ப்பணிப்பு விழா. சிறப்புரை எட்வர்ட் எவரெட்டுக்கு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர், அன்றைய அமெரிக்காவின் புகழ்பெற்ற பேச்சாளர். நாட்டின் அதிபரான ஆபிரகாம் லிங்கனை 'பொருத்தமான சில சொற்கள்' சொல்வதற்காகத்தான் அழைத்திருந்தார்கள். நம் அழைப்பிதழ்க் கணக்கில், வாழ்த்துரை! எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். போர் எப்படி மூண்டது, எந்த நாளில் எந்தப் படை எங்கே நின்றது என்று எல்லாம் சொன்னார். லிங்கன் எழுந்து ஏறத்தாழ 270 சொற்களைச் சொல்லிவிட்டு இரண்டு, மூன்று நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் எவரெட் அவருக்கு எழுதிய கடிதத்தில், விழாவின் மையக் கருத்தை நீங்கள் இரண்டு நிமிடத்தில் நெருங்கிய அளவுக்கு நான் இரண்டு மணி நேரத்தில் நெருங்கியிருந்தால் மகிழ்வேன் என்ற பொருளில் குறிப்பிட்டார். பெரிய மனிதர்.

அந்த உரையில் நான் மாணவர்களுக்குக் காட்டுவது அதன் சுருக்கத்தை மட்டுமில்லை. அதில் கெட்டிஸ்பர்க் என்ற பெயரே கிடையாது. ஒரு தளபதியின் பெயர்கூடக் கிடையாது. போரின் கதை எவரெட்டின் வேலை. லிங்கன் அதில் கை வைக்கவில்லை. இறந்தவர்கள் முடித்தது போக மிச்சமிருக்கும் வேலை உயிரோடிருப்பவர்களுடையது என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். உங்கள் விழாவில் தலைமையாசிரியை எந்த ஆண்டு பணியில் சேர்ந்தார், எந்தெந்த ஊரில் இருந்தார், தேர்ச்சி விகிதம் எவ்வளவு உயர்ந்தது என்பதெல்லாம் தலைமையுரையில் வந்துவிடும். வரட்டும். நீங்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

(ரயிலில் போகும்போது உறையின் பின்பக்கத்தில் கிறுக்கியதுதான் லிங்கனின் உரை என்று ஒரு கதை பேச்சுப்போட்டிகளில் தவறாமல் வரும். நம்பாதீர்கள். கிடைத்திருக்கும் மிகப் பழைய பிரதி ஒன்றின் முதல் பக்கம் அதிபர் மாளிகையின் தாளில் இருக்கிறது. கடைசி நேரத்தில் எழுதினாலும் பேச்சு தானாக அமைந்துவிடும் என்று நினைக்கும் சோம்பேறிகளுக்குப் பிடித்த கதை அது.)

இனி, எப்படி எழுதுவது. உங்கள் முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம்.

"1994ஆம் ஆண்டு பட்டதாரி ஆசிரியராகப் பணியேற்று, பல்வேறு ஊர்களில் எண்ணற்ற இடர்ப்பாடுகளுக்கிடையே தன்னலம் கருதாது கல்விப் பணியாற்றி, இப்பள்ளியின் தலைமைப் பொறுப்பினை ஏற்று, இதனை ஒரு முன்மாதிரிப் பள்ளியாக உயர்த்திய பெருமைக்குரிய நம் தலைமையாசிரியை அவர்களின் பாராட்டு விழாவில் வாழ்த்துரை வழங்கக் கிடைத்த வாய்ப்பினை என் வாழ்வின் பெரும் பேறாகக் கருதுகிறேன்."

இலக்கணப்படி குற்றமில்லை. தாளில் படிப்பவர் வேண்டுமானால் இரண்டாம் முறை படித்துக்கொள்வார். ஆனால் காதால் கேட்பவருக்குப் பின்னால் திரும்பிப் போக வழி கிடையாது. நம் மொழியில் வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. அது வரும்வரை கேட்பவர் 'பணியேற்று', 'பணியாற்றி', 'ஏற்று', 'உயர்த்திய' என்று ஒவ்வொன்றையும் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மூன்றாவது எச்சத்தில் ஆள் தளர்ந்துவிடுவார். கடைசியில் வந்து சேரும் வினையைப் பாருங்கள்: 'கருதுகிறேன்'. ஐந்து வரி அவரைப் பற்றிப் பேசிவிட்டு, வாக்கியத்தை உங்கள் பெயரில் பதிவு செய்துகொண்டீர்கள்! மேடை உரைகளில் பாதிக்கு இந்த நோய் உண்டு. வாழ்த்தப்படுபவரை எச்சத்தில் வைத்துவிட்டு, வாழ்த்துபவர் முற்றில் உட்கார்ந்துகொள்வார்.

அதே இடத்தில் பின்குறிப்பை வைத்து எழுதிப் பார்க்கிறேன்.

"அனைவருக்கும் வணக்கம். போன வருடம் ஒரு சனிக்கிழமை. மேடம் என்னைக் கூப்பிட்டு, 'ஒரு வீட்டுக்குப் போக வேண்டும், வருகிறாயா?' என்றார்கள். அந்த வீட்டுக்கு அவர்கள் போவது அது மூன்றாவது முறை. பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட ஒரு பிள்ளையின் வீடு. வாசலில் அந்தப் பிள்ளையின் அம்மா பூக் கட்டிக்கொண்டிருந்தார். மேடம் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நாரை எடுத்தார்கள். கட்ட ஆரம்பித்தார்கள்."

உங்களை எப்படிக் கூப்பிட்டார், என்ன சொன்னார் என்பதை நான் ஊகித்து எழுதியிருக்கிறேன். உண்மையில் சொன்னதை அந்த இடத்தில் போடுங்கள். ஊகத்தை விட அது எப்போதும் நன்றாக இருக்கும். என்ன பூ, எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தார்கள், மழையா வெயிலா என்று நினைவிருப்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இரண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தை அடித்துவிடுங்கள். மேலே எழுதியிருப்பது வாய்க்குப் பழகிய தமிழ்தான், ஆனால் கொச்சையில்லை. ஒரு வாக்கியத்தில் ஒரு வினை, மிஞ்சினால் இரண்டு. 'தலைமையாசிரியை அவர்கள்' என்று தொடக்கத்தில் ஒரு முறை முறைப்படி சொல்லிவிட்டு, பிறகு தினமும் கூப்பிடுவது போல 'மேடம்' என்றே சொல்லுங்கள். ஐந்து நிமிடமும் 'தலைமையாசிரியை அவர்கள், அவர்கள்' என்று போனால் சுற்றறிக்கை வாசிப்பது போல இருக்கும்.

அந்தக் காட்சி முடிந்தவுடன் உங்கள் கை தானாக, 'இதுதான் உண்மையான அர்ப்பணிப்பு!' என்று எழுதப் பார்க்கும். அந்தக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். "படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திங்கட்கிழமை அந்தப் பிள்ளை வந்துவிட்டாள்" என்று சொல்லிவிட்டு மூச்சு விடுங்கள். அதற்குப் பெயர் அர்ப்பணிப்பு என்று சபைக்குத் தெரியும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. அந்த மாணவி அன்று பந்தலில் உட்கார்ந்திருப்பாள். பெயர், வகுப்பு, தெரு எதையும் சொல்லாதீர்கள். முன்கூட்டியே அவளையும் அவள் அம்மாவையும் தனியாகக் கேளுங்கள். அவர்களுக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தாலும் இந்தக் காட்சியை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுங்கள். ஒருவரைப் பாராட்டுவதற்காக இன்னொரு வீட்டின் கஷ்டத்தை மைக்கில் சொல்வது மேடைகளில் அடிக்கடி நடக்கும் அநியாயம். அந்தப் பிள்ளை மறுநாளும் அதே வகுப்புக்கு வர வேண்டும்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. தாளில் 1994 என்று எழுதுவது சுலபம். வாயால் 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்காம் ஆண்டு' என்று சொல்லிப் பாருங்கள், பாதி மூச்சு போய்விடும். கேட்பவரும் கழித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் அடுத்த வாக்கியத்தைத் தவறவிடுவார். 'முப்பது வருடத்துக்கு முன்னால்' என்றால் முடிந்தது. லிங்கன்கூட, அமெரிக்கா விடுதலையை அறிவித்த ஆண்டை 1776 என்று சொல்லவில்லை. எண்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பு என்றுதான் தொடங்கினார். தவிர்க்க முடியாத எண் இருந்தால் தாளில் அதை எழுத்தால் எழுதிவையுங்கள். மேடைப் பதற்றத்தில் இலக்கங்களைப் பார்த்துத் தடுமாறாதவர் குறைவு. அதேபோல் உங்கள் நாக்கு எங்கே இடறுகிறது என்று பாருங்கள். 'வாழ்வில் ஒளியேற்றிய', 'தொழில் முறைத் தோழமை' போன்றவற்றில் ழகரமும் ளகரமும் லகரமும் அடுத்தடுத்து வந்தால் பழகிய பேச்சாளருக்கே சறுக்கும். உச்சரிப்பைத் திருத்த இரண்டு வாரம் போதாது. சொல்லை மாற்ற அரை நிமிடம் போதும்.

விளிப்பு. உங்கள் தாளில் அது எட்டு வரி: 'விழாவிற்குத் தலைமை ஏற்றிருக்கும்...', 'முன்னிலை வகித்து மேடையை அலங்கரித்துக்கொண்டிருக்கும்...', 'எனக்குப் பின் உரையாற்ற இருக்கும்...'. உங்களுக்கு முன்னால் பேசிய எல்லோரும் இதைச் சொல்லியிருப்பார்கள். யாருடைய பெயரை விட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்ற பயம் புரிகிறது. பள்ளிக்கூட அரசியல் எனக்கும் தெரியும். 'மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும் எதிரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்' என்று ஒரே வரியில் சொன்னால் எவருடைய பெயரும் விடுபடாது. பிள்ளைகளையும் சேர்த்ததற்காகப் பின் வரிசையிலிருந்து ஒரு சத்தம் வரும். அது உங்களுக்குத் தைரியம் கொடுக்கும்.

குறளில் தொடங்கிக் குறளில் முடித்திருக்கிறீர்கள். இரண்டையும் எடுத்துவிடச் சொல்ல ஒரு தமிழாசிரியனுக்கு வாய் வராது என்று நினைத்திருப்பீர்கள். எடுத்துவிடுங்கள். குற்றமற்ற சில சொற்களைச் சொல்லத் தெரியாதவர்தான் பல சொற்களைச் சொல்ல ஆசைப்படுவார் என்று வள்ளுவரே சொல்வன்மை அதிகாரத்தில் 649ஆம் குறளில் சொல்லியிருக்கிறார். அவருக்கு மரியாதை செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமொழி ஆசையும் உங்கள் இரண்டாம் பக்கத்தில் தெரிகிறது. அண்ணா தேர்தல் கூட்டமொன்றில் சித்திரை, பத்தரை, நித்திரை, முத்திரை என்ற நான்கு சொல்லைக் கோத்துப் பேசி முடித்ததாக இன்றும் மேடைகளில் சொல்வார்கள். அதைக் கேட்டவர் ரசிப்பது எதுகையை. எனக்குப் பிடித்தது வேறு: மாதம் என்ன, மணி என்ன, எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தூக்கம் வருகிறது, அவரால் தனக்கு ஆக வேண்டியது என்ன என்ற நான்கும் அதில் இருக்கின்றன. அந்தக் கூட்டத்தை விட்டு வேறெங்கும் அதைப் பேச முடியாது. உங்கள் 'அன்பிலே அன்னை, அறிவிலே ஆசான், பண்பிலே பாசறை' எங்கே வேண்டுமானாலும் செல்லும். பாசறை என்றால் படை தங்கும் இடம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதுகை உங்களுக்கு இயல்பாக வராது என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் விழாவில் மணி ஒன்றாகியிருக்கும், பந்திக்கு இலை போடும் சத்தம் கேட்கும். அதை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

அதனால் நீளம். என்னிடம் பயின்ற மாணவர்கள் மேடையில் நிமிடத்துக்கு எண்பதிலிருந்து நூறு சொல் பேசுவார்கள். தமிழில் ஒரு சொல்லுக்குள்ளேயே நிறைய அடங்கியிருப்பதால் அதற்கு மேல் போனால் கேட்பவருக்குக் குழையும். ஐந்து நிமிடம் என்றால் 400 சொல். உங்கள் மூன்று பக்கம் 700 தாண்டும். மேலும் அன்று முன்னால் பேசியவர்கள் உங்கள் நேரத்தைச் சாப்பிட்டிருப்பார்கள். 'டீச்சர், மூன்று நிமிடத்தில் முடித்துவிடுங்கள்' என்று யாராவது காதில் சொல்வார்கள். எந்தப் பத்தியை விடுவது என்று வீட்டிலேயே முடிவு செய்து ஓரத்தில் கோடு போட்டுவையுங்கள். மேடையில் நின்று வெட்டினால் கை எப்போதும் நல்ல பத்தியைத்தான் வெட்டும்.

மனப்பாடம் செய்யலாமா என்று கேட்டீர்கள். முதல் நான்கு வாக்கியமும் கடைசி இரண்டும் மனப்பாடமாக இருக்கட்டும். நடுவில் இருப்பது நீங்கள் கண்ணால் பார்த்த காட்சி; அதை நினைவிலிருந்து சொல்லுங்கள், சொற்கள் கொஞ்சம் மாறினால் பரவாயில்லை. முழுவதையும் வரிக்கு வரி உருப்போட்டவர் ஒரு சொல் விட்டுப்போனால் பேந்தப் பேந்த விழிப்பார். மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் பேசியபோது 'கனவு' பற்றிய பகுதி கையிலிருந்த தாளில் இல்லை என்பார்கள். உண்மைதான். பாடகி மஹேலியா ஜாக்சன் அருகிலிருந்து, கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று குரல் கொடுத்தார். ஆனால் அதே கனவை கிங் ஜூன் மாதம் டெட்ராய்ட் நகரிலும் பேசியிருந்தார். வாயில் பலமுறை புரண்டு பழகியதுதான் அன்று தாளைத் தாண்டி வந்தது. நீங்களும் இந்தக் காட்சியை விழாவுக்கு முன் நான்கு பேரிடமாவது சொல்லிவிடுங்கள்: வீட்டில் ஒரு முறை, பஸ்ஸில் பக்கத்து இருக்கைத் தோழியிடம் ஒரு முறை. எந்த இடத்தில் அவர்கள் செல்பேசியைப் பார்க்கிறார்களோ அந்த இடத்தை வெட்டுங்கள். எங்கே சிரிக்கிறார்களோ அங்கே நிறுத்தி இடைவெளி விடுங்கள்.

தாளைப் பற்றி: கையில் தாள் இருப்பதில் அவமானம் எதுவுமில்லை. பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள், மைக் முன்னால் புரட்டும் சத்தம் புயல் போலக் கேட்கும். வாக்கியம் பாதியில் அடுத்த தாளுக்குப் போகக் கூடாது. மைக் உங்கள் உயரத்துக்கு இல்லாவிட்டால் குனிந்து பேசாமல், இறக்கச் சொல்லிக் காத்திருங்கள். அந்தப் பத்து விநாடி அமைதிக்குள் சபையும் அடங்கிவிடும்.

முடிவை எப்படி எழுதுவது என்று எனக்கு நேற்று இரவுதான் பிடிபட்டது. உங்கள் பின்குறிப்பின் கடைசி வரியில் இருந்தது. அவர் கட்டிய பூவை அந்த அம்மா அவிழ்த்துத் திரும்பக் கட்டினாரே, அதுதான். உங்களுக்கும் மேடத்துக்கும் அந்த அளவுக்குச் சிரித்துப் பேசும் பழக்கம் உண்டென்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. இல்லையென்றால் இதை விட்டுவிடுங்கள். உண்டென்றால் கடைசி வரிகள் இப்படி இருக்கலாம்:

"மேடம், உங்களிடம் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். அன்று நீங்கள் கட்டிய பூவை, நாம் கிளம்பிய பிறகு அந்த அம்மா அவிழ்த்து மறுபடியும் கட்டினாராம். நாளையிலிருந்து உங்களுக்கு நேரம் இருக்கும். பூக் கட்டக் கற்றுக்கொள்ளுங்கள்."

சிரிப்பு எழும். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாலும் ஆச்சரியமில்லை. அந்தச் சத்தத்திலேயே ஒரு வணக்கம் போட்டுவிட்டு இறங்கி வந்துவிடுங்கள். 'இந்த அரிய வாய்ப்பினை அளித்த விழாக் குழுவினருக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன்' என்று நீங்கள் எழுதியிருக்கும் வரி வேண்டாம். அதைச் சொல்ல நன்றியுரைக்காரர் இருக்கிறார். அவருக்கும் ஏதாவது மிச்சம் வையுங்கள்.